உஷார்! மூச்சு நிற்கப்போவதை முதலில் சொல்வது கண்ணிமை

இன்றைக்கு இரவு நிலத்தில் பாய் போட்டுப் படுக்கப்போகிறீர்களா? பிள்ளைகளையும் பக்கத்தில் கிடத்தப்போகிறீர்களா? இதை வாசித்துவிட்டுப் படுங்கள்.

மூச்சு முட்டிச் சாவது என்றால் எங்கள் மனதில் வருகிற காட்சி ஒன்றுதான். ஆள் இளைக்கும். நெஞ்சு ஏறி இறங்கும். வாயைப் பிளந்து காற்றுக்குத் தவிக்கும். தொய்வுக்காரரைப் பார்த்துப் பழகிய கண் எங்களுக்கு. அந்தக் காட்சியை நம்பியிருந்தால் ஆபத்து! மூச்சுத் தசைகள் சோர்ந்துகொண்டு வருகிறவர் அப்படித் தவிக்கமாட்டார். தவிக்கவும் தசையில் பலம் வேண்டும். அந்தப் பலம்தான் அவரிடம் போய்க்கொண்டிருக்கிறது. அவர் சத்தமில்லாமல் கிடப்பார். கண் பாதி மூடியிருக்கும்.

அலுப்பில் நித்திரை கொள்கிறார் என்று நினைப்போம். விளக்கை அணைத்துவிட்டு வருவோம்.

வடமராட்சிப் பக்கம் ஒரு வீட்டில் அப்படித்தான் நினைத்தார்கள். பெயர், ஊர் எதுவும் வேண்டாம். முப்பது வயது தாண்டிய தாய், இரண்டு பிள்ளைகள். சித்திரை மாதத்து வெக்கை. வீட்டுக்குள் படுக்க முடியாமல் விறாந்தையில் பாயைப் போட்டுப் படுத்திருக்கிறார்கள். நடுச்சாமம் தாண்டி அந்தத் தாய் எழும்பி, "மாமி, வயித்துக்குள்ள சரியாக் குத்துது" என்று சொல்லியிருக்கிறார். இரவு சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை, வாய்வு என்று மாமியார் ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தார். ஒரு தடவை சத்தி எடுத்தார். பனடோல் இரண்டு போட்டார். திரும்பவும் படுத்துவிட்டார்.

விடியப்புறம் கண்ணைத் திறக்க முடியவில்லை. "ஒண்டு ரெண்டாத் தெரியுது" என்றார். இரவு முழுக்க நித்திரை இல்லை, அதுதான் என்றார்கள். விடிந்ததும் பக்கத்தில் ஓரிடத்தில் காட்டினார்கள். வயிற்றுப் புண்ணுக்குக் குளிசை கிடைத்தது. வீட்டுக்கு வந்ததும் தேத்தண்ணீர் கொடுத்தால் அது மூக்கால் வருகிறது. குரல் மூக்கில் பேசுகிற மாதிரி மாறிவிட்டது. எச்சில் கடைவாயால் வழிகிறது. காலை எட்டு மணிக்குத் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. அப்போதுதான் பயம் பிடித்தது. ஓட்டோவில் ஏற்றினார்கள். பாதி வழியில் உதடு நீலம் பாய்ந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் குழாய் இறக்கி, கையால் பையை அழுத்தி மூச்சுக் கொடுத்து, பிறகு செயற்கைச் சுவாச இயந்திரத்தில் போட்டார்கள். ஒன்பது நாள். பத்தாம் நாள் குழாயைக் கழற்றினார்கள். பிழைத்துவிட்டார்.

உடம்பில் தேடித் தேடிப் பார்த்தும் பல் அடையாளம் அகப்படவில்லை. வீக்கம் இல்லை. இரத்தம் இல்லை. விறாந்தை மூலையில் அடுக்கியிருந்த கிடுகை அயலவர் ஒருவர் கிளறியபோதுதான் கண்டார்கள். பளபளவென்ற கறுப்பு உடம்பு, குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடுகள்.

எண்ணெய் விரியன். எட்டடி விரியன் என்றும் சொல்வார்கள். கடித்தால் எட்டு அடி வைப்பதற்குள் ஆள் விழும் என்று அந்தப் பெயருக்கு ஒரு விளக்கமும் ஊரில் உண்டு. அந்த விளக்கம்தான் ஆளைக் கொல்கிறது! கடிபட்டவர் எட்டு அடி அல்ல, எண்ணூறு அடியும் நடப்பார். கிணற்றடிக்குப் போய் முகம் கழுவுவார். அதைப் பார்த்து, பெரிய பாம்பாக இருக்காது என்று மனம் ஆறிவிடுகிறோம். நாகம் கடித்தால் இடம் வீங்கும், வலிக்கும். புடையன் கடித்தால் வலி உயிரை எடுக்கும். இந்தப் பாம்பு நித்திரையில் கடித்தால் நுளம்பு கடித்த அளவுதான், பலருக்கு அதுவும் தெரியாது. பகலில் சுருண்டு கிடக்கும் சாதுவான பாம்பு. இரவில் இரை தேடி வீட்டுக்குள் ஊரும். நிலத்தில் படுத்திருப்பவர் நித்திரையில் புரண்டு அதன்மேல் கையைப் போட்டால் கடிக்கும்.

நடுச்சாமத்தில் காரணமில்லாத வயிற்றுக்குத்து. காலையில் கண்ணிமை விழுதல்.

இந்த இரண்டும் ஒன்றாக வந்தால் பாம்பைத் தேடாதீர்கள், கடித்த இடத்தைத் தேடாதீர்கள். கடித்துவிட்டது என்று வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஏன் இந்த அவசரம்? இந்த விஷம் மூளையைத் தொடுவதில்லை, இதயத்தையும் நேராகத் தாக்குவதில்லை. நரம்பு தசைக்குக் கட்டளை கொடுக்கிற அந்தச் சின்னஞ்சிறு முனையை அழிக்கிறது. மூளை கட்டளையிடும், தசைக்குப் போய்ச் சேராது. முனை ஒருமுறை அழிந்துவிட்டால் எதிர்விஷம் ஏற்றியும் உடனே திரும்பாது. உடம்பு தானாகப் புது முனை வளர்க்கவேண்டும். அதற்கு நாட்கள் ஆகும், சிலருக்கு வாரங்கள் ஆகும். இந்தியாவிலிருந்து வருகிற எதிர்விஷ மருந்து இரத்தத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற விஷத்தைத்தான் பிடிக்கும். நேரத்தோடு போனால் பாதித் தசையோடு தப்பலாம். பிந்திப் போனால் இயந்திரம்தான் மூச்சு.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். சொல்லாமல் விட்டால் என் மனம் ஆறாது. அந்தத் தாய் இயந்திரத்தில் கிடந்த நாட்களில் கண் திறக்கவில்லை, விரல் அசையவில்லை. கட்டிலருகே நின்ற சொந்தக்காரர், "இனி என்ன, முடிஞ்சுது" என்று அழுதிருக்கிறார்கள். பிள்ளைகளை யார் வளர்ப்பது என்றுகூடப் பேசியிருக்கிறார்கள். குழாய் கழற்றிய பிறகு அவர் சொன்ன முதல் வார்த்தைகளில் ஒன்று: "எனக்கு எல்லாம் கேட்டது."

தசைதான் உறங்குகிறது. ஆள் முழித்திருக்கிறார். கையைப் பிடித்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சுகம் வந்துவிடும் என்று அவருக்குச் சொல்லுங்கள். அவர் இறந்துவிட்டார் என்று நீங்களாக முடிவெடுத்து, இயந்திரத்தை நிற்பாட்டச் சொல்லி வைத்தியரை நெருக்காதீர்கள். அது கொலைக்குச் சமம்.

சரி, எதைப் பார்ப்பது? தசைகள் எல்லாம் ஒன்றாக விழுவதில்லை. பெரும்பாலும் மேலிருந்து கீழே, சின்னதிலிருந்து பெரியதுக்கு என்று ஒரு வரிசையில் விழும். அந்த வரிசையைத் தெரிந்து வைத்திருப்பவருக்கு மூச்சு நிற்பதற்கு முன் நேரம் கையில் இருக்கிறது.

முதலில் கண்ணிமை. பாதிக் கண்ணை மூடி நிற்கும். அவர் நெற்றியைச் சுருக்கி, நாடியை உயர்த்தி, தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு உங்களைப் பார்ப்பார். நித்திரைத் தூக்கமா என்று சந்தேகமானால் உங்கள் விரலை அவர் முகத்துக்கு மேலே தூக்கி, அதையே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். நித்திரைக்காரர் பார்ப்பார். இவருடைய இமை மெல்ல மெல்லக் கீழே இறங்கும். பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரிகிறது என்றால் கண்ணை அசைக்கிற தசைக்கும் வந்துவிட்டது.

பிறகு வாய், தொண்டை. நாக்கை முழுதாக நீட்ட முடியாது. விழுங்க முடியாது. குரல் மூக்கால் வரும். தண்ணீர் கொடுக்காதீர்கள்! தேத்தண்ணீர், கோவில் தீர்த்தம், கசாயம், எதுவும் வேண்டாம். விழுங்க முடியாதவருக்குக் கொடுத்த ஒவ்வொரு மிடறும் நுரையீரலுக்குப் போகலாம். ஒருக்களித்துக் கிடத்தினால் எச்சில் வெளியே வழியும், மூச்சுக்குழாய்க்குள் போகாது.

அடுத்தது கழுத்து. இதைத்தான் நான் அடிக்கோடிட்டுச் சொல்வேன். மல்லாக்காகக் கிடத்தி, தலையை மட்டும் தூக்கச் சொல்லுங்கள். தூக்கி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருக்கச் சொல்லுங்கள். தூக்கமுடியவில்லையா? நெஞ்சையும் வயிற்றையும் பிரித்து நிற்கிற பிரிமென்தகடுதான் எங்களுடைய முதன்மையான மூச்சுத் தசை. அதற்குப் போகிற நரம்பும் கழுத்துப் பகுதி முண்ணாணிலிருந்துதான் இறங்குகிறது. கழுத்து தளர்ந்துவிட்டால் அடுத்த முறை பிரிமென்தகட்டினுடையது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

மூச்சை அளக்க இயந்திரம் வேண்டாம். ஆழமாக மூச்சை இழுத்து, இடையில் மூச்செடுக்காமல் ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். சுகமான வளர்ந்தவர் நாற்பதைத் தாண்டுவார். இருபதுக்குள் நின்றால் மிக ஆபத்து. அரை மணிக்கு ஒருமுறை எண்ண வையுங்கள். முப்பத்தைந்து, இருபத்தெட்டு, இருபத்தொன்று என்று இறங்கிக்கொண்டு வந்தால், ஆள் கதிரையில் இருந்து சிரித்தாலும், மூச்சு கைநழுவிக்கொண்டிருக்கிறது.

வயிற்றையும் பாருங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது வயிறு மேலே வரவேண்டும். இழுக்கும்போது வயிறு உள்ளே குழிந்தால் பிரிமென்தகடு வேலை செய்யவில்லை. இருமச் சொன்னால் "ஹ்ம்" என்று தொண்டையைச் செருமுகிற அளவுக்குத்தான் வரும். ஒரு வசனத்தைச் சொல்லி முடிக்க இரண்டு மூன்று தடவை மூச்செடுப்பார்.

கொரோனாக் காலத்தில் வாங்கிய, விரலில் மாட்டுகிற கருவி இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அதில் 97, 98 என்று காட்டுகிறதே, பயமில்லை என்று இருந்துவிடாதீர்கள்! நுரையீரல் பழுதானால் அந்த இலக்கம் நேரத்தோடு இறங்கும். தசை பழுதானால் கடைசி மட்டும் நல்ல இலக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்துவிட்டு ஒரேயடியாக விழும். உள்ளே கரியமில வாயு ஏறுவதை அது காட்டாது. அந்த இலக்கத்தை நம்பி வீட்டில் இருந்தவர் ஆஸ்பத்திரி வாசலைக் காணமாட்டார்.

பாம்பு மட்டுமா? இல்லை. எங்கள் குடாநாடு தோட்டக்காரரின் மண். இணுவில், கோப்பாய், புத்தூர் என்று வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் நிற்கிற இடமெல்லாம் மருந்து அடிக்கிறார்கள். பூச்சிமருந்தில் ஒரு பெரிய வகை, நரம்பையும் தசையையும் தாக்குவது. அது தெரிந்தோ தெரியாமலோ உடம்புக்குள் போனால் முதல் நாளில் எச்சில், வியர்வை, சத்தி, கண்மணி சுருங்குதல் என்று பெரிய ஆரவாரம். ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்ற எல்லாம் அடங்கும். ஆள் எழும்பி இருப்பார். கஞ்சி கேட்பார். வீட்டார் கும்பிட்டுவிட்டு, துண்டை வெட்டிக்கொண்டு போவோம் என்பார்கள்.

போகாதீர்கள்!

1987ஆம் ஆண்டு நிமால் சேனநாயக்க, லக்ஷ்மன் கரலியத்த என்ற இரண்டு இலங்கை வைத்தியர்கள் இதை உலகத்துக்கே எடுத்துச் சொன்னார்கள். அவர்கள் எழுதியது பத்து நோயாளர்களைப் பற்றி. முதல் கண்டத்தைத் தாண்டி, தேறிவிட்டார்கள் என்று நினைத்தவர்களுக்கு, 24 மணிக்கும் 96 மணிக்கும் இடையில் கழுத்துச் சோர்ந்தது, தோளும் தொடையும் சோர்ந்தது, பிறகு மூச்சும் சோர்ந்தது. முதலில் வருகிற நஞ்சின் வேகத்துக்கும் வாரங்கள் கழித்து வருகிற நரம்புச் சேதத்துக்கும் நடுவில் வருவதால் அதை இடைப்பட்ட நோய்நிலை என்றார்கள். இன்று உலகமெங்கும் அந்தப் பெயர்தான். எங்கள் நாட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்டுபிடித்த பாடம் எங்கள் வீடுகளுக்குத் தெரியாமல் இருக்கலாமா? இரண்டாம், மூன்றாம், நான்காம் நாட்களில் "தலையைத் தூக்கு" என்ற அந்த ஒரு பரிசோதனையை விடாமல் செய்யுங்கள். தூக்கவில்லை என்றால் அந்த நிமிடமே தாதியைக் கூப்பிடுங்கள். மனம் நொந்து பூச்சிமருந்துப் போத்தலைத் தொட்டவர் உங்கள் வீட்டில் இருந்தால் அவரை ஏசாதீர்கள், தனியே விடாதீர்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தில் பேச ஆள் இருக்கிறார்கள்.

இன்னொரு வருத்தம் கீழிருந்து மேலே ஏறும். வயிற்றோட்டமோ தடிமன் காய்ச்சலோ வந்து சுகமாகி ஒன்றிரண்டு கிழமைக்குப் பிறகு கால் விறைக்கும், படி ஏற முடியாது, பிறகு கை, பிறகு முகம், பிறகு மூச்சு. கியாங்பாரே என்பது பெயர். உடம்பின் காவற்படையே தன் நரம்பைத் தாக்குகிறது. 2025 ஜனவரியில் இந்தியாவின் புனே நகரில் இது கூட்டமாக வந்து, நோயாளர் எண்ணிக்கை 200ஐ நெருங்கியது. பலர் இயந்திரத்துக்குப் போனார்கள், சிலர் இறந்தார்கள். அசுத்தமான தண்ணீரால் பரவும் கிருமி காரணமாகப் பேசப்பட்டது. இதைக் கேட்டுவிட்டு, கிணற்றுக்கும் மலக்குழிக்கும் நடுவில் பத்தடி விட்டிருக்கிற எங்கள் வளவுகளை நினைத்துப் பாருங்கள். சுண்ணாம்புக் கல்லுக்குக் கீழே எல்லார் தண்ணீரும் ஒன்றுதான். கொதித்தாறிய தண்ணீரையே பிள்ளைகளுக்குக் கொடுங்கள். கால் சோர்வு நாளுக்கு நாள் ஏறினால் எண்ணெய் தேய்த்து ஒற்றடம் பிடித்துக்கொண்டிருக்காதீர்கள். இந்த வருத்தத்தில் ஐந்தில் ஒருவருக்காவது செயற்கைச் சுவாசம் தேவைப்படுகிறது.

சத்தமே இல்லாமல் மாதக் கணக்கில் வருவதும் உண்டு. தசை தேயும் வருத்தம் உள்ள ஆண் பிள்ளைகள், கையும் காலும் மெலிந்துகொண்டு போகும் நரம்பு வருத்தக்காரர், பின்னேரமானால் இமை விழுகிறவர்கள். இவர்களுக்கு மூச்சுத் தசையின் சோர்வு இரவில்தான் தலைகாட்டும். நேராகப் படுக்க முடியாமல் இரண்டு தலையணை, பிறகு மூன்று, பிறகு கதிரையில் இருந்தபடி நித்திரை. சாமத்தில் திடுக்கிட்டு எழும்புவது. விடிய எழும்பும்போது தலையிடி, பகலெல்லாம் தூங்கி விழுவது. மனக்கவலை, சோம்பல் என்று ஏசுவோம். பாவம், அந்தப் பிள்ளை இரவு முழுக்க மூச்சுக்குப் போராடியிருக்கும். வீட்டில் சிலிண்டர் வாங்கி நீங்களாக ஒட்சிசன் கொடுக்காதீர்கள். இவர்களுக்கு அது கரியமில வாயுவை இன்னும் ஏற்றிவிடலாம். முகமூடியால் காற்றைத் தள்ளுகிற சிறு இயந்திரம் இருக்கிறது, இரவில் போட்டுக்கொண்டு வருடக்கணக்கில் இருப்பவர்கள் உண்டு. இமை விழுகிற வருத்தம் உள்ளவர்கள் பார்மசியில் கேட்டு வாங்கி அன்ரிபயோட்டிக் போடவே கூடாது. அவற்றில் சில மூச்சுத் தசையை ஒரே நாளில் படுக்கவைக்கும்.

திரும்பவும் பாம்புக்கே வருகிறேன், அங்கேதான் நேரம் மணிக்கணக்கில் அளக்கப்படுகிறது. பரியாரியிடம் கொண்டுபோய் விஷக்கல் வைத்து, பார்வை பார்த்து, "போன கிழமை அயல்வீட்டுப் பொடியனுக்குச் சுகப்பட்டது" என்று சொல்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. இலங்கை முழுவதும் வீடு வீடாகப் போய் எடுத்த ஒரு ஆய்வு, வருடத்துக்குச் சுமார் 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது, அதில் விஷம் ஏறுவது சுமார் 30,000 பேருக்குத்தான் என்று மதிப்பிட்டது. மிச்ச 50,000 பேர் கல் வைத்தாலும் பிழைப்பார்கள், வைக்காவிட்டாலும் பிழைப்பார்கள். கல்லின் புகழ் அவர்களால் வந்தது. உங்கள் பிள்ளை எந்தக் கணக்கில் என்று காலை ஆறு மணிக்கு யாரால் சொல்ல முடியும்?

கட்டாதீர்கள், வெட்டாதீர்கள், உறிஞ்சாதீர்கள். நடக்க விடாதீர்கள். 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுங்கள். 2018 ஜூலையிலிருந்து அந்த அம்புலன்ஸ் எங்கள் வடக்கிலும் ஓடுகிறது, காசு இல்லை. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு மட்டும்தான் போகவேண்டும் என்று தூரத்தை நினைத்துத் தயங்கவேண்டாம். பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகளில் எது கிட்டவோ அங்கே முதலில் போங்கள். நெடுந்தீவு மக்களுக்கு என் தனி மன்றாட்டம்: குறிகட்டுவானுக்குப் படகில் வருவதற்கே ஒரு மணி நேரம். விடியட்டும், முதற் படகில் போவோம் என்று இருக்காதீர்கள். வயிற்றுக்குத்து வந்த அந்தச் சாமத்திலேயே தீவு வைத்தியசாலையைத் தட்டி எழுப்புங்கள்.

வழியில் மூச்சு நின்றுவிட்டால் எல்லாம் முடிந்தது என்று கையை விடாதீர்கள். 1952இல் டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் பரவி, நூற்றுக்கணக்கானவர்களின் மூச்சுத் தசை படுத்துவிட்டது. இயந்திரங்கள் போதவில்லை. மருத்துவ மாணவர்கள் முறைவைத்து, இரவு பகலாக, கையால் பையை அழுத்தியே மூச்சுக் கொடுத்தார்கள். அதுவரை பெரும்பாலானோர் இறந்துகொண்டிருந்த இடத்தில் பெரும்பாலானோர் பிழைத்தார்கள். இதயம் துடித்துக்கொண்டிருக்கும் வரை, வாயோடு வாய் வைத்தாவது, பையை அழுத்தியாவது, யாராவது மூச்சைக் கொடுத்துக்கொண்டே இருந்தால் எண்ணெய் விரியன் கடித்தவர் தப்பி, முழுச் சுகமாகி வீட்டுக்கு வரலாம்.

இன்றிரவு கட்டிலில் படுங்கள். கட்டில் இல்லையா, நுளம்பு வலை கட்டி அதன் விளிம்பைச் சுற்றிவரப் பாய்க்குக் கீழே செருகிவிடுங்கள். படுக்கைக்குப் பக்கத்தில் கிடுகு, விறகு, பழைய சாக்கு அடுக்காதீர்கள். சாமத்தில் எழும்பினால் ரோர்ச் அடித்துப் பார்த்துக் காலை வையுங்கள். நடுச்சாமத்தில் உங்கள் பிள்ளை வந்து வயிற்றுக்குத்து என்று எழுப்பினால், ஓமத் தண்ணீர் காய்ச்சக் குசினிக்குப் போக முன்னம் விளக்கைப் போட்டு அந்தப் பிள்ளையின் கண்ணிமையைப் பாருங்கள்.